நிருபனின் நித்திரைக்கு இறைத்த தண்ணீர்

பதினேழு மாதம் கழித்துக் கப்பலால் வந்த நிருபன் வீட்டில் செய்த முதல் வேலை, படுக்கையறைக் கதவைக் கழற்றியதுதான்.

வந்து மூன்றாம் நாள் அது நடந்தது. மகள் ரெனிற்றா தேத்தண்ணீர்க் கோப்பையோடு போய், அப்பா படுத்திருக்கிறாரே என்று இரண்டு விரலால் கதவில் மெல்லத் தட்டினாள். உள்ளே ஏதோ உருண்டு விழுந்தது. கதவு திறந்தபோது நிருபன் வேர்வை ஒழுகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பத்து வயதுப் பிள்ளை கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டுக் குசினிக்குள் ஓடி வந்தது. அன்று மத்தியானமே அவன் பிணைச்சல் ஆணிகளைக் கழற்றி, கதவைத் தூக்கிக்கொண்டுபோய் விறாந்தைச் சுவரில் சாத்திவிட்டான். கதவு இருந்தால் காற்று வராதாம். வைகாசி வெக்கைதானே என்று ஜொய்சியும் பழைய சேலையொன்றைக் கிழித்துத் திரை போட்டாள்.

தீவுப் பக்கத்து நாரந்தனையில் கப்பலுக்குப் போகிற ஆட்கள் புதிதில்லை. நிருபன் பதினாலு வருடமாக நிலக்கரியும் தானியமும் ஏற்றுகிற கப்பல்களில் இயந்திர அறையில் வேலை செய்தவன். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு என்பது ஜொய்சிக்கும் பழகிப்போன கணக்கு. இந்தமுறை அவன் ஏறியது 2019 கார்த்திகையில். அடுத்த ஆவணியில் இறங்கியிருக்க வேண்டும். அதற்குள் கொரோனா வந்து துறைமுகங்கள் எல்லாம் பூட்டிக்கொண்டன. சாமான் இறக்கலாம், ஆள் இறங்க ஏலாது என்றார்கள். அடுத்த துறைமுகத்தில் மாற்றாள் வருவான் என்று கப்டன் மாதாமாதம் சொன்னார். ஜொய்சியும் மாதாமாதம் நம்பினாள். அவன் வருகைக்கென்று வளர்த்த சேவல் முற்றிக் கறிக்கு உதவாமல் போனது. வீட்டுக்கு அடித்த வெள்ளை ஒரு மாரிக்குப் பாசி பிடித்தது.

கடைசி மாதங்களில் கப்பலில் இரண்டு பேர் நோயில் விழுந்து ஆஸ்பத்திரிக்கு இறக்கப்பட, மிச்சப் பேருக்கு ஆறு மணித்தியாலம் வேலை, ஆறு மணித்தியாலம் ஓய்வு. அந்த ஓய்வுக்குள்தான் சாப்பாடு, குளிப்பு, உடுப்புத் தோய்ப்பு, நித்திரை எல்லாம். தொலைபேசியில் கதைக்கும்போதே அவன் பாதி வசனத்தில் நித்திரையாகிப் போவான். அந்த மனிதன் வீட்டுக்கு வந்தால் ஒரு கிழமை எழும்பாமல் கிடப்பான் என்றுதான் ஜொய்சி நினைத்திருந்தாள். அவனோ நித்திரையே கொள்ளவில்லை. நின்றபடி சாப்பிட்டான். கதிரையில் இருந்தால் கண்ணைத் திறந்தபடி இருந்தான். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் இதற்கும் ஒரு கிளினிக் இருக்கிறதாம் என்று ஒருநாள் அவள் சாடையாகச் சொல்ல, தனக்கென்ன விசரோ என்று கேட்டான். அதற்குப்பிறகு அவள் அந்தக் கதையை எடுக்கவில்லை.

இன்னொன்றும் அவளுக்குள் கிடந்து அரித்தது. அவனுடைய தொலைபேசிக்கு அடிக்கடி ஓர் இந்திய இலக்கம் வரும். அவன் பார்ப்பான், எடுக்கமாட்டான், கவிழ்த்து வைப்பான். கப்பல்காரன் மனைவிக்கு இதைப் பார்த்தால் என்ன தோன்றுமோ அதுதான் ஜொய்சிக்கும் தோன்றியது. கேட்கப் பயந்து கேட்காமல் விட்டாள்.

ஆனி பிறந்த கையோடு பக்கத்துக் காணிப் பஸ்ரியாம்பிள்ளை மிளகாய்க்கு இறைக்கத் தொடங்கினார். காலை ஏழு மணிக்கு அவருடைய மண்ணெண்ணெய் மிசின் படபடவென்று சத்தம் போட்டது. ஜொய்சி முற்றம் கூட்டிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். நிருபன் வாய் பிளந்து நித்திரை. மிசின் நின்று கால் மணித்தியாலத்தில் எழும்பிவிட்டான். அடுத்த நாளும் அப்படியே. கப்பலில் எந்நேரமும் இயந்திரச் சத்தத்துக்குள் கிடந்த உடம்பு, அது இல்லாமல் ஆறாது போல என்று அவள் எண்ணிக்கொண்டாள். அந்த இரண்டு மாதம் அவன் முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஊறியது. ரெனிற்றாவின் சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுத்தான்.

ஆடிக் கடைசியில் மிளகாய் முடிந்தது. மிசினும் ஓய்ந்தது. நான்காம் நாள் விடிய நிருபனை வீட்டில் காணவில்லை. ஒழுங்கையால் ஓடிப்போன ஜொய்சி, அவன் கடலுக்குள் முழங்கால் தண்ணீரில் சறமும் சேட்டுமாக நிற்பதைக் கண்டாள். வலை இல்லை, தூண்டில் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்பி வந்தான். சும்மா நின்றானாம். ஜொய்சி அவன் சறத்து நுனியைப் பிழிந்துவிட்டாள்.

அன்று பத்து மணிக்கு அவள் பஸ்ரியாம்பிள்ளையின் படலையில் போய் நின்றாள். இறைக்கிற மிசினைக் கொஞ்ச நாளைக்குத் தர ஏலுமோ என்று கேட்டாள்.

"உங்கடை வீட்டிலை தோட்டம் ஒண்டும் இல்லையே, பிள்ளை?"

"தோட்டத்துக்கு இல்லை அண்ணை. அந்தச் சத்தம் கேட்டால்தான் அவருக்கு நித்திரை வருது."

பஸ்ரியாம்பிள்ளை கொட்டிலைத் திறந்தார். பிறகு மிசினைத் தானே கைவண்டிலில் ஏற்றினார்.

"கொண்டு போ. ஆனால் அரை மணித்தியாலத்துக்கு மேலை ஓட விடாதை. இந்த மண்ணுக்குக் கீழை நல்ல தண்ணி பாலாடை மாதிரித்தான் கிடக்கு. அதைக் கிழிச்சியோ, கடல் ஏறிப்போடும்."

தீவில் பிறந்தவளுக்கு இது தெரியாததல்ல. ஜொய்சி வீட்டுக் கிணறு குளிக்க, தோய்க்க மட்டும்தான். குடிக்கிற தண்ணீருக்கு நாலு வீட்டுக்கும் பொதுவாக நாற்பது அடி தள்ளி ஒரு பங்குக் கிணறு. அதற்கு மிசின் வைக்கக்கூடாது, வாளியால்தான் அள்ளவேண்டும் என்பது நாலு வீட்டுக் கட்டுப்பாடு. ஜொய்சி அதைத் தொடவில்லை. தன் கிணற்றில்தான் மிசினைப் பூட்டினாள். முதல் நாள் அரை மணித்தியாலம். நிறுத்தப் போனவள் திரைச்சேலையை விலக்கிப் பார்த்தாள். அவன் அப்போதுதான் குறட்டை விடத் தொடங்கியிருந்தான். இன்னும் கால் மணித்தியாலம் என்று விட்டாள். அடுத்த கிழமை அது இரண்டு மணித்தியாலமாகி, ஆவணி நடுவில் மூன்றாகிவிட்டது. தண்ணீர் வளவுக்குள் பாய்ந்து பனைகளுக்குக் கீழே குளமாக நின்றது.

நாலு வீட்டில் ஒன்று பரிமளத்தின் வீடு. அவள் வேலிக்கு மேலால் கழுத்தை நீட்டினாள்.

"என்ன ஜொய்சி, பனைக்கும் வடலிக்கும் இறைக்கிறீராம். நாளைக்குக் கடலுக்கும் கொஞ்சம் இறைச்சு விடும், வத்திப்போய்க் கிடக்கு."

ஜொய்சி சிரித்து மழுப்பினாள்.

கொரோனாவால் நாடு திரும்பவும் பூட்டப்பட்ட கிழமை அது. பரிமளமே ஒரு காலை கையில் செம்போடு படலையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இந்தமுறை பகிடி இல்லை. குடித்துப் பாரும் என்று நீட்டினாள். பங்குக் கிணற்றுத் தண்ணீர். நாக்கில் பட்டதுமே உப்பென்று ஜொய்சிக்குத் தெரிந்துவிட்டது.

கிணற்றடியில் நாலு வீட்டாரும் இடைவெளி விட்டு, முகக்கவசத்தோடு நின்றார்கள். மழை பிழைத்தது காரணமோ, யாரோ இரவல் வாளியில் உப்பைக் கொண்டுவந்ததோ என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பஸ்ரியாம்பிள்ளை மட்டும் ஜொய்சியைப் பார்க்காமல் கிணற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதுதான் அவளைப் பேச வைத்தது.

"நான்தான். ஒவ்வொரு நாளும் மூண்டு மணித்தியாலம் ஓடவிட்டனான்."

பரிமளம் முகக்கவசத்தைக் கீழே இழுத்தாள். "உம்மடை மனுசன்ரை நித்திரைக்கு நாலு வீடும் உப்புத் தண்ணி குடிக்கிறதோ?"

ஜொய்சி குனிந்த தலையோடு வீட்டுக்கு வந்தாள். வழியில்தான், இறைத்த தண்ணீரைத் திரும்பவும் கிணற்றுக்குள்ளேயே விட்டிருக்கலாமே என்ற புத்தி வந்தது. நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

நிருபன் விறாந்தையில் அந்தக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தான். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். கிணற்றை இனித் தொட ஏலாது, ஆனால் ஒரு பீப்பாவில் தண்ணீர் நிரப்பி, அதிலிருந்து எடுத்து அதற்குள்ளேயே விடுகிற மாதிரி மிசினை ஓட்டலாம், சத்தம் இருக்கும், நித்திரை வரும் என்றாள்.

"வேண்டாம் ஜொய்சி."

"ஏனப்பா? அந்தச் சத்தம் பழகின சத்தமெல்லே?"

"பழகினதுக்கு இல்லை. மிசின் ஓடினால் தட்டுறது கேக்காது."

ஆர் தட்டுவது என்று அவள் கேட்டாள். சொல்லத் தொடங்கியவன் நிறுத்தவில்லை.

கப்பலில் செல்வின் என்று ஒருவன், தூத்துக்குடிப் பெடியன், இயந்திரம் பழுது பார்க்கிற பிற்றர் வேலை. தமிழ் கதைக்க நிருபனுக்கு அவனும் அவனுக்கு நிருபனும்தான். கப்பல் ஏறிய பிறகு அவனுக்குப் பிள்ளை பிறந்தது. ஒரு துறைமுகத்துக்கு வெளியே நாற்பத்திரண்டு நாள் நங்கூரம் போட்டுக் கிடந்தபோது, கரை வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்து அவன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். வேலை முடிந்து வந்து நிருபனின் அறைக் கதவைத் தட்டுவான். கட்டில் விளிம்பில் இருந்து கொஞ்சம் கதைத்துவிட்டுப் போவான். பங்குனியில் ஒருநாள் அப்படித்தான் தட்டினான். நிருபன் அப்போதுதான் படுத்திருந்தான். கண் இமை இரும்பு மாதிரிக் கிடந்தது.

"நாளைக்குக் கதைப்பம் எண்டு உள்ளையிருந்து சொன்னனான். திரும்பவும் ரெண்டு தரம் தட்டினவன். நான் எழும்பேல்லை."

அடுத்த வேலை முறைக்குச் செல்வின் வரவில்லை. பின்தளத்தில் அவனுடைய செருப்பு இரண்டும் சோடியாக, ஒழுங்காக இருந்தன. கப்பல் முழுக்கத் தேடி, கடலிலும் சுற்றித் தேடினார்கள். பிறகு வாக்குமூலம் எடுத்தார்கள். தான் நித்திரை, ஒன்றும் கேட்கவில்லை என்று நிருபன் எழுதிக் கையெழுத்து வைத்தான். அந்தக் கடதாசி செல்வினின் மனைவிக்கும் போயிருக்கும்.

"அந்த இந்திய நம்பர்?" என்றாள் ஜொய்சி.

"அவன்ரை மனுசி. மெர்லின்."

இத்தனை நாளும் தான் நினைத்திருந்ததை எண்ண ஜொய்சிக்கு வெட்கமாக இருந்தது. உங்களில் பிழையில்லை என்று சொல்ல வாய் வந்தது. அதைச் சொல்லி அவனுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்றும் தெரிந்தது. எழும்பிப்போய் உலை வைத்தாள்.

அடுத்த நாள் காலை, கிணற்றடியில் ஓய்ந்து கிடந்த மிசினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அவனே இலக்கத்தை அழுத்தினான். ஜொய்சியைப் பக்கத்தில் நிற்கச் சொன்னான். மெர்லின் முதலில் அவனுடைய சுகத்தைத்தான் கேட்டாள். அவன் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னான். கையெழுத்து வைத்ததையும் சொன்னான். மறுபக்கத்தில் ஒரு குழந்தையின் குரல் கேட்டது.

"எனக்கும் அவரு கூப்பிட்டாருண்ணே," என்றாள் மெர்லின். "அன்னைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல். காலையில பேசிக்கலாம்னு வச்சிட்டேன். இதை நான் யார்கிட்டயும் சொல்லல."

அவள் அவனைத் திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அவனும் அவளுக்கு ஆறுதல் சொல்லவில்லை. கடைசியில், இடைக்கிடை கூப்பிடுங்கண்ணே என்றாள். அவன் ஓம் என்றான்.

அன்று அவன் நித்திரை கொள்ளவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மிசினைத் துடைத்து எண்ணெய் போட்டு, கைவண்டிலில் தள்ளிக்கொண்டுபோய்ப் பஸ்ரியாம்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வந்தான். பிரதேச சபைத் தண்ணீர்ப் பவுசர் கிழமைக்கு இரண்டு தரம் ஒழுங்கை முகப்பில் வந்து நின்றது. நிருபன் நாலு வீட்டுக் கான்களையும் தானே நிரப்பிச் சுமந்தான். முதலாவதாகப் பரிமளம் வீடு, கடைசியாகத் தன் வீடு. பரிமளம் இரண்டு கிழமை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாவது கிழமை, ஆறப்போடாமல் குடியும் என்று தேத்தண்ணீர்க் கோப்பையைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

நாடு திறந்ததும் முதல் பஸ்ஸில் ஜொய்சி அவனை யாழ்ப்பாணம் கூட்டிக்கொண்டு போனாள். விசரோ என்று அவன் கேட்கவில்லை. கடலைக் கடக்கிற பண்ணைப் பாலம் முடியும்வரை மடியையே பார்த்துக்கொண்டிருந்தான். குளிசை தந்தார்கள், மாதம் ஒருக்கால் வரச் சொன்னார்கள். குளிசை போட்டால் பகலில் இரண்டு மணித்தியாலம், சில நாள் மூன்று மணித்தியாலம் படுக்கிறான். கப்பல் ஏஜென்ட் கூப்பிட்டபோது ஜொய்சி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இப்ப ஏலாது," என்றான் நிருபன். பதினாலு வருடத்தில் அந்த ஆளுக்கு அவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தரம்.

ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. பஸ்ரியாம்பிள்ளை பங்குக் கிணற்றில் ஒரு வாளி அள்ளி நாக்கில் விட்டுப் பார்த்தார். இன்னும் ஒரு மாரி வேணும் என்றார். அதற்குப்பிறகு இரண்டு மாரி போய்விட்டது. நாலு வீட்டுத் தேத்தண்ணீரிலும் ஒரு கீற்று உப்பு இன்னும் இருக்கிறது.

கதவு இன்னும் விறாந்தையில்தான். ரெனிற்றா அதில் வெண்கட்டியால் கணக்குப் பழகுகிறாள். அப்பாவின் அறைக்குப் போவதென்றால் குசினியிலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு போகப் பழகிவிட்டாள். சில மத்தியானங்களில் அவள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள், வீட்டில் ஒரு சத்தமும் இராது. ஜொய்சி திரைக்கு வெளியே இருந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள். அப்போது அவன் நித்திரையில் பேசுவது அவளுக்குத் தெளிவாகக் கேட்கும்.

"வா. திறந்துதான் கிடக்கு."