பள்ளம் வந்தால் என் கைக்கு

என் தம்பி புத்தி போன போக்கைப் பாருங்கள். மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து, மாசக்கணக்கில் கட்டிலே கதியென்று கிடந்தார் என் வீட்டுக்காரர். அவருக்குப் பழம் வாங்கி வராமல், சேந்தமங்கலத்திலிருந்து டிவியில் மாட்டி ஆடும் வீடியோ கேம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கொல்லிமலைக்கு பஸ் ஏறி வந்தான். இரண்டாயிரமாவது வருசம் பிறக்கப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த சமயம்.

எலும்பு கூடிவிட்டது, தடியை ஊன்றி நடக்கலாம் என்று நாமக்கல் டாக்டர் சொல்லிவிட்டார். இவர்தான் காலைத் தரையில் வைக்க மாட்டேன் என்றார். பயம். மரத்திலேயே வளர்ந்த மனுசனுக்கு அந்தப் பயம் வந்ததை என்னால் தாங்க முடியவில்லை. விழுந்த அன்று காலையில் அவசரத்தில் "வாரேன்" என்பதற்குப் பதிலாக "போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் பக்கம் வாசல் தாண்டுகிறவர் வாயில் வரக்கூடாத சொல் அது. அதனால்தான் விழுந்தேன் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன்.

விளையாட்டில் ஒரு பட்டாளத்துக்காரன். பாறை பாறையாக ஏறி, பள்ளம் பள்ளமாகத் தாண்டி ஓடுவான். நடுநடுவே ஓட்டம் நின்று, சுட மட்டும் வேண்டிய கட்டம் வரும். சுடுவதெல்லாம் இவர், குறி தப்பாது. பள்ளம் வந்தால் ஆட்டத்து ரிமோட்டை என் கையில் திணித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். அடுப்பில் குழம்பு தீய்ந்தாலும் நான்தான் ஓடிவந்து தாண்ட வேண்டும். என் கையில் அந்த ஆள் விழுந்துகொண்டே இருப்பான். டிவியில் மேலே ஓர் உயிர் குறையும். திரும்ப வந்து நிற்பான். செத்தான் என்று நான் சொன்னதே இல்லை. "வந்துட்டானுங்க, திரும்புங்க" என்பேன்.

ஒருநாள் பள்ளத்தை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கூலி ஆள் பறித்த மிளகு களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. ரிமோட்டைக் கட்டிலில் போட்டுவிட்டு ஓடினேன். எல்லாவற்றையும் அள்ளிச் சாக்கில் கட்டிவிட்டு உள்ளே வந்தால், அவர் டிவியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஆட்டம் முடிந்திருந்தது.

"எல்லா உசுரும் போச்சு புள்ள," என்றார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"ஏனுங்க, நீங்களா தாண்டுனீங்க?"

"எங்க தாண்டுனேன்? அத்தனையும் உழுந்தேன். கண்ண மூடாமப் பாத்தேன்."

எனக்கு ஈரத் தலையைத் துவட்டக்கூடத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் மிளகைத் திரும்பக் களத்தில் கொட்டிக்கொண்டிருந்தபோது, தடி தட்டும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். எதிரில் இருக்கும் மாட்டுக் கொட்டகை வரைக்கும்தான் போகப் பார்த்தார்.

"வாரேன்," என்றார், என்னவோ லாரியேறி வெளியூர் போகிறவர் மாதிரி.

போயிட்டு வாங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அவர் நகரவில்லை. நான் அழுது முடித்து, அதைச் சொல்லும் வரை அங்கேயே நின்றார்.