மதினி நேர்ந்த முடி

என் மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த வாரம், என் மதினி, கணவரின் அக்கா, திருச்செந்தூர் முருகனோடு ஓர் ஒப்பந்தம் போட்டாள். எலும்பு மஜ்ஜை ரிப்போர்ட் நல்லபடியாக வந்தால் பிள்ளையின் முடி அவனுக்கு. தலை ஒருத்தியுடையது, வாக்குக் கொடுப்பவள் இன்னொருத்தி. மதினியிடம் அதையெல்லாம் கேட்க முடியாது.

நான் பிளஸ் டூவுக்கு உயிரியல் நடத்துகிறவள். இரண்டு குரோமோசோம்கள் உடைந்து, நுனிகள் இடம் மாறி ஒட்டிக்கொள்ளும் படத்தை வருஷா வருஷம் போர்டில் வரைந்து, ஐந்து மார்க் கேள்வி என்று பிள்ளைகளைப் பயமுறுத்தியிருக்கிறேன். டாக்டர் அதே படத்தை மருந்துச் சீட்டின் பின்பக்கம் வரைந்தபோது எனக்கு ஒன்றுமே புரியவில்லை. அவர் பொறுமையாகத் திரும்பச் சொன்னார். அப்படி மாறி ஒட்டும்போது, சும்மா கிடக்க வேண்டிய ஜீன் விழித்துக்கொண்டு ரத்த அணுக்களைக் கண்டபடி பெருகவிடுமாம். எந்தத் துண்டு எதோடு ஒட்டியது என்று மஜ்ஜை ரிப்போர்ட்டில் தெரிந்தால்தான், நோய் மருந்துக்கு அடங்குமா, முரண்டு பிடிக்குமா என்று சொல்ல முடியுமாம்.

"இது யாரு பக்கத்துல இருந்து வந்தது?" என்றாள் மதினி, என்னையே பார்த்துக்கொண்டு.

"பரம்பரையா வந்தது இல்லம்மா. பிள்ளையோட அணுவுக்குள்ள தானா நடந்தது," என்றார் டாக்டர். மதினிக்குப் பெரிய ஏமாற்றம்.

ரிப்போர்ட் வருமுன்னே, முதுகில் ஊசியும் நரம்பில் மருந்துமாக ஆரம்பித்த சிகிச்சை பிள்ளையின் முடியைத் தலையணையில் கொட்டிவிட்டது. மதினி அரண்டுபோனாள்.

"ஏளா, சாமிக்குச் சொன்ன முடில்லா! இப்ப என்னத்தக் குடுக்க?"

"முடிக்கும் ஜீனுக்கும் என்ன சம்பந்தம் மதினி? சும்மா இருங்க!" என்று எரிந்து விழுந்தேன்.

ரிப்போர்ட் வந்தது. மருந்துக்கு நன்றாக அடங்கும் வகைதான், ஆனால் சிகிச்சையை இரண்டு வருஷத்துக்கு மேல் விடாமல் தொடர வேண்டும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். மதினி மூக்கைச் சிந்திவிட்டு, "அப்ப நானே மொட்டை போட்டுருதேன்," என்றாள். இடுப்புவரை தொங்கும் பின்னல், ஊரே கண்வைத்த பின்னல்.

பிள்ளையைக் கூட்டத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. அவளை என் கணவரிடம் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் திருச்செந்தூருக்கு பஸ் ஏறினோம். முடி காணிக்கை கவுண்டரில் நான் இரண்டு டோக்கன் கேட்டேன்.

"ஏளா, ஒண்ணு போதும்லா."

"இன்னொண்ணு எனக்கு மதினி. நானும் நேர்ந்திருந்தேன்."

மதினி இடுப்பில் கைவைத்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஜீன் டீச்சரு! என்னை அந்தப் பேச்சு பேசினியே, திருட்டுக் கழுதை!"

சந்தனம் பூசிய இரண்டு மொட்டைகளும் தூத்துக்குடி திரும்பி வீட்டு வாசலில் நின்றபோது, மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று எதிர்பார்த்தோம். அவள் சிரிக்கவில்லை. எங்களைக் குனியச் சொல்லி, இரண்டு தலையையும் மெதுவாகத் தடவினாள்.

"உங்களுக்கும் முதுகுல ஊசி போட்டாங்களாம்மா?" என்று கேட்டாள்.