பொட்டு வைத்த பெட்டிகள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பம்மலில் ஒரு தோல் பட்டறையில் வேலை செய்தேன். ஷூவின் மேல்பாகத்தைத் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற இடம். எனக்கு அட்டைப்பெட்டியில் அடுக்குகிற வேலை. அதுவரை வேறொரு கம்பெனி வழியாகத்தான் சரக்கு போகும். அந்த வருஷம்தான் முதலாளிக்கு நேரடியாக ஓர் ஆர்டர் வந்தது. இது சரியாகப் போகாவிட்டால் எங்களில் பாதிப் பேரை நிறுத்த வேண்டியிருக்கும் என்று அவரே சொல்லியிருந்தார்.

சரக்கு ஏற்றுகிற அன்று காலையில் கன்டெய்னர் வந்து தெருமுனையில் நின்றது. வெள்ளிக்கிழமை. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் சந்தனம், குங்குமம் வைக்கச் சொன்னார் முதலாளி. நான்தான் வைத்தேன். பொட்டெல்லாம் கதவைப் பார்க்கும்படி அடுக்கினார்கள். கதவு வரை நிரம்பிவிட்டது. வெளியே பதினெட்டுப் பெட்டி மிச்சம்.

"இதை நாளைக்கு அனுப்புறேன், கப்பல் ஒரு நாள் நிக்கட்டுமே" என்றார் முதலாளி.

கப்பலில் இடம் பிடித்துக் கொடுக்கிற ஏஜென்ட் சிரித்தார். "பெரிய கப்பல் மெட்ராசுக்கே வராது சார். கொழும்புல நிக்கும். நம்ம சரக்கு சின்னக் கப்பல்ல போய் அதைப் பிடிக்கணும். அது ஒரு நாள் சும்மா நின்னா ஆவுற செலவுல பம்மலையே வாங்கிடலாம். உங்க பதினெட்டுப் பெட்டிக்கு நிப்பானா? அடுத்த கப்பல்னா தேதி தாண்டிடும். மிச்சத்தை பிளேன்ல அனுப்புங்க."

முதலாளியின் முகம் செத்துவிட்டது. பிளேனில் அனுப்பினால் லாபம் முழுக்க அதிலேயே போய்விடும். குறைத்து அனுப்பினால் ஆர்டர் போய்விடும்.

நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒரு பக்கச் சுவரோரம் தரையிலிருந்து கூரை வரை இடைவெளி. பெட்டி நேராக நுழையாது; திருப்பினால் நுழையும். பக்கத்தில் நின்ற தையல்காரியின் காதில் சொன்னேன். அவள் கத்திவிட்டாள்.

"மொதலாளி! பெட்டியத் திருப்பி ஓரத்துல சொருவுனா போயிடுமாம், இது சொல்லுது!"

"பொட்டு சுவத்தைப் பாத்துகினு போவுமே?" என்றார் முதலாளி.

"கதவ மூடுனா எல்லாம் இருட்டுதான். சாமி இன்னா டார்ச்சு அடிச்சா பாக்கப் போவுது?" என்றாள் அவள்.

"இப்போ காத்துக்கு வாடகை குடுத்துகினு இருக்கீங்க சார்" என்றார் ஏஜென்ட். "கன்டெய்னர் ரொம்பினாலும் ரொம்பாட்டியும் கப்பல்காரனுக்கு அதே காசுதான்."

முதலாளி ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். "திருப்புங்க."

அந்த இடுக்கில் நுழையக்கூடிய உடம்பு என்னுடையதுதான். உள்ளே போய் நின்று வாங்கி வாங்கி அடுக்கினேன். பதினெட்டும் அடங்கிவிட்டன. மத்தியானத்துக்குள் வண்டி துறைமுகத்துக்குக் கிளம்பியது.

அடுத்த ஆர்டரும் வந்தது. அப்போது பெட்டிகளுக்குப் பொட்டு இல்லை; கன்டெய்னர் கதவுக்கு மட்டும் ஒன்று. ஸ்டூல் போட்டு ஏறி நான்தான் வைத்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றதில் கோணலாகிவிட்டது. அப்படியே போயிற்று.