முன்னுக்குப் போகிறவள்

சுலபமான நடை என்று இணையத்தில் போட்டிருந்தது. ஏற்றம் இல்லை, ஆற்றோரமாகவே போய்த் திரும்பலாம், குழந்தை வண்டிகூடத் தள்ளலாம். என் முழங்காலுக்கும் ஏழு வயது மகளின் பொறுமைக்கும் இதுதான் சரி என்று நான்தான் தெரிவு செய்தேன். மெல்பேர்ண் டண்டினொங்கில் இருந்து விடியவே காரை எடுத்து, நாலு மணித்தியாலம் ஓடி, பிரைட் என்ற ஊரைத் தாண்டி அந்தப் பள்ளத்தாக்கில் இறங்கினோம். மலை உச்சிகளில் இன்னும் பனி கிடந்தது. கீழே நல்ல வெயில். ஆற்றின் அடியில் கிடந்த கற்களை எண்ணலாம் போல இருந்தது.

திருமணமாகி ஒன்பது வருடம். பூங்காவோ, பள்ளிக்கூட மைதானமோ, காரை விட்டு இறங்கினால் என் மனைவி என்னைத் தாண்டிக்கொண்டு முன்னுக்குப் போய்விடுவாள். திரும்பிப் பார்த்து, "என்ர பின்னால வாங்கோ" என்பாள். எனக்கு அதில் எரிச்சலும் உண்டு, கொஞ்சம் பெருமையும் உண்டு. விருந்துகளில் நண்பர்களுக்குச் சொல்வேன்: "எங்கட வீட்டில எஞ்சின் அவதான், நான் கடைசிப் பெட்டி." எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

அன்றைக்கு அந்தச் சரளைப் பாதையில் அவள் என் பக்கத்தில்தான் கதைத்துக்கொண்டு வந்தாள். ஒரு மணித்தியாலம் அப்படியே போனது. பிறகு பாதைக்குக் குறுக்கே பெரிய மரமொன்று விழுந்து கிடந்தது. முன்னால் போனவர்கள் புல்லுக்குள் இறங்கி அதைச் சுற்றிப் போயிருந்தார்கள். நானும் இறங்கக் காலைத் தூக்கினேன்.

"நில்லுங்கோ."

அவள் சத்தம் போடவில்லை. ஆனால் அந்தக் குரலை நான் அதற்கு முதல் கேட்டதில்லை. என்னைத் தாண்டிப் போய், நிலத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு அடியாக வைத்தாள். மகள், யாரும் சொல்லாமலே, தாய் காலெடுத்த இடத்தில் தன் காலை வைத்துப் போனாள். ஈரப்புல்லில் சப்பாத்துத் தடம் நன்றாகத் தெரிந்தது. நான் சிரித்துக்கொண்டு பின்னால் போனேன். ஓரத்தில் மஞ்சள் பூக்கள் இருந்தன. படம் எடுக்க இரண்டடி விலகினேன்.

"அப்பா, யூ ஆர் அவுட்," என்றாள் மகள்.

"என்ன அவுட்?"

"அம்மான்ர கேம். அம்மா கால் வச்ச இடத்தில மட்டும்தான் வைக்கலாம். வெளியில வச்சா கால் போயிடும்."

பாண்டி விளையாட்டின் விதியைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். கையில் போனை வைத்துக்கொண்டு அந்தப் பூக்களுக்கு நடுவில் அப்படியே நின்றேன். மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவளும் நின்றுவிட்டாள்.

மரத்துக்கு அந்தப் பக்கம் ஆற்றங்கரையில் இருந்தோம். மகள் தண்ணீருக்குள் கல்லெறியப் போனாள். சாப்பிட மீன் பணிஸ் கட்டிக்கொண்டு போயிருந்தோம். ஒன்றை எடுத்து மனைவியிடம் நீட்டினேன்.

"ஆர் உமக்கு இந்த விளையாட்டைச் சொல்லித் தந்தது?" என்று அவளைக் கேட்டேன்.

"அண்ணா," என்றாள்.

அவளுடைய அண்ணா யுத்தத்தில் இறந்துபோனவர் என்று கலியாணம் பேசி வந்தபோதே சொல்லியிருந்தார்கள். செல்லடியாக இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். நான் படிக்க மெல்பேர்ணுக்கு வந்தவன். அவள் எல்லாம் முடிந்த பிறகு வன்னியில் இருந்து வந்தவள். கேட்டால் அழுவாள் என்று கேட்காமல் விட்டேன். உண்மையைச் சொன்னால், கேட்கப் பயமாக இருந்தது.

"திரும்பி எங்கட வீட்டு வளவைப் பார்க்கப் போன நேரம்," என்றாள். "மிதிவெடி எல்லாம் எடுத்தாச்சு எண்டு சொன்னவை. எண்டாலும் அண்ணா தான்தான் முன்னுக்கு எண்டு போனவர். என்ர அடியில காலை வச்சு வா எண்டு சொன்னவர். கிணத்தடிக்குக் கிட்ட வந்திட்டம்."

கல்லெறிந்துகொண்டு நின்ற மகளைப் பார்த்தாள்.

"எனக்கு ஒரு கீறல்கூட இல்லை."

நான் மடத்தனமாக ஒன்றைச் சொன்னேன். "இது ஒஸ்ரேலியா. இஞ்ச என்ன இருக்கு?"

"எனக்குத் தெரியும்," என்றாள். "என்ர காலுக்குத் தெரியேல்லை."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சீமெந்துப் பாதையில் அவள் ஒருநாளும் முன்னுக்குப் போனதில்லை. புல்லும் மண்ணும் வந்தால்தான் போவாள். ஒன்பது வருடமாக, ஒவ்வொரு பிறந்தநாள் பூங்காவிலும், என்னையும் பிள்ளையையும் பின்னால் விட்டுவிட்டு அண்ணா நின்ற இடத்தில் தான் போய் நின்றிருக்கிறாள். நான் எஞ்சின் என்று பகிடி விட்டு, ஆட்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிட, ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைக் காணாமல் இருந்திருக்கிறேனே என்பதுதான் என்னை உலுக்கியது.

திரும்பி வரும்போது மரம் மறுபடி வந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரச் சோடி, குழந்தை வண்டியைத் தூக்கிக்கொண்டு, வாயோயாமல் கதைத்தபடி புல்லால் சுற்றிப் போனது.

"இந்தமுறை நான் முன்னுக்குப் போறன்," என்றேன்.

அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் காலைத் தூக்கினேன். அங்கே ஒன்றும் இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். தூக்கிய கால் இறங்கவில்லை. காலைப் பழையபடி சரளையிலேயே வைத்தேன்.

அவள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு மகளின் கையை என் கையில் தந்துவிட்டு, என்னைத் தாண்டிப் புல்லுக்குள் இறங்கினாள்.

"என்ர பின்னால வாங்கோ."

போனோம். அவளுடைய தடம் சிறியது. என் சப்பாத்தின் பின்பாதி வெளியே நின்றது. மகள் திரும்பிக் குனிந்து பார்த்தாள்.

"அப்பா, குதி வெளியில நிக்குது."

நான் குதியைத் தூக்கிக்கொண்டு, நோகிற முழங்காலோடு, அந்த மரத்தைச் சுற்றி முடியும்வரை நுனிக்காலில் நடந்தேன்.