ஒத்திகை பார்த்த நல்ல செய்தி

அத்தான் பொய் சொன்னால் கண்டுபிடிக்க முடியாது. உண்மை சொன்னாலும் அதே கதிதான். அக்கா அவரோடு இருபத்தாறு வருடம் குடித்தனம் நடத்தியவள். அவளுக்கே பிடிபடவில்லை.

வானொலி நிலையத்தில் அவர் அறிவிப்பாளர். கப்பல் மூழ்கியதையும் காய்கறி விலையையும் ஒரே குரலில் வாசிப்பார் என்று மேலதிகாரி பாராட்டி எழுதிய கடிதம் பீரோவில் இருக்கிறது. அந்தக் குரலுக்காகத்தான் சினிமாவிலும் கூப்பிட்டார்கள். முதல் படத்தில் ஆபரேஷன் அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து, கண்ணாடியைக் கழற்றி, "எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சுட்டோம்" என்றார். கொட்டகையே மூக்கைச் சிந்தியது. அதற்குப் பிறகு வேறு வேஷம் கிடைக்கவில்லை. ஒரு தடவை நீதிபதியாக வந்தார். அதிலும் தூக்குத் தண்டனைதான். மற்ற பதினெட்டுப் படங்களிலும் டாக்டர். பேருந்து நிறுத்தத்தில் எவனாவது, "டாக்டர் சார், இன்னிக்கு யாரை அனுப்பிவச்சீங்க?" என்பான். "ஷூட்டிங் நாளைக்குத்தான்" என்பார், முகம் மாறாமல்.

அக்காவின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. ஊசி குத்திக் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். வியாழக்கிழமை காலை டாக்டர் போன் செய்தபோது அவள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அத்தான்தான் பேசினார். அவள் இறங்கி வந்ததும் கூடத்தில் நின்றுகொண்டு சொன்னார்: சாதாரணக் கட்டி. பயப்பட ஒன்றுமில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு தடவை காட்டினால் போதும்.

அக்கா உட்கார்ந்து அழுதாள். எனக்கும் போன் செய்து நல்ல சேதி என்றாள். மறுநாள் மத்தியானம் மறுபடி கூப்பிட்டாள்.

"உடனே வாடா. உங்க அத்தான் டியூட்டிக்குப் போயிருக்கார்."

போனேன். மேஜைமேல் ஒரு தாளை வைத்தாள். அவர் சட்டைப் பையில் இருந்ததாம். அவளிடம் அவர் சொன்னதெல்லாம் வரி பிசகாமல் அதில் இருந்தது. சொற்களுக்கு நடுவே பென்சிலால் சாய்ந்த கோடுகள். 'புற்று இல்லை' என்பதை அடித்துவிட்டு மேலே 'சாதாரணக் கட்டி' என்று எழுதியிருந்தார்.

அந்தக் கோடுகள் எனக்குத் தெரியும். மைக் முன்னால் உட்காரும்முன், வாசிக்கவேண்டிய தாளில் எங்கே நிறுத்துவது, எங்கே மூச்சு விடுவது என்று அப்படித்தான் குறித்துக்கொள்வார்.

"உள்ளதைச் சொல்றதுக்கு எதுக்குடா ஒத்திகை?"

"பழக்கதோஷம்க்கா."

"பால் திரிஞ்சு போச்சுன்னு சொல்றப்ப கோடு போட்டுக்கறாரா? இங்க பாரு. 'ஒன்றுமில்லை'க்குக் கீழ ரெண்டு கோடு. ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு ரெண்டு?"

அவளைச் சமாதானப்படுத்தத்தான் வாயைத் திறந்தேன். அப்பா போன நாள் ஞாபகம் வந்தது. "மாமாவுக்குக் கொஞ்சம் முடியல. பதறாம சாப்பிட்டுட்டுக் கிளம்பு" என்று எனக்குப் போன் செய்தவர் இதே அத்தான். நானும் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். அப்பா இறந்து அதற்குள் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

"கிளம்புக்கா, டாக்டரையே கேட்டுடலாம்" என்றேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். கோப்பைத் தேடினார், கிடைக்கவில்லை. அவர் முழங்கைக்கு அடியிலேயே இருந்தது. "அது சாதாரணக் கட்டிதாம்மா. நேத்தே சார்கிட்ட சொன்னேனே?" என்று சொல்லும்போதே நடுவில் கொட்டாவி விட்டார். முடிவுத் தாளையும் காட்டினார். அக்கா அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அந்தக் கொட்டாவியை நம்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது அத்தான் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். அக்கா தாளை அவர் முன்னால் நீட்டினாள்.

"டாக்டரைப் பார்த்துட்டு வர்றோம். நீங்க சொன்னது நிஜந்தான்."

"சரி."

"அப்புறம் இது எதுக்கு?"

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ மாடியில இருந்தப்ப நாலு தடவை சொல்லிப் பார்த்தேன். நாலு தடவையும் நீ செத்துப்போற மாதிரியே வந்துச்சு. அதான் எழுதிக்கிட்டேன்."

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

"பொண்ணு பார்க்க வந்தீங்களே, எனக்குச் சம்மதம்னு எங்கப்பாகிட்ட சொன்னீங்க. அதை எத்தனை தடவை சொல்லிப் பார்த்தீங்க?"

அத்தான் என்னைப் பார்த்தார்.

"அவனை என்ன பார்வை? கேட்டது நான்" என்றாள்.

நான் செருப்பைத் தேடினேன்.