தாரை வார்க்க ஒரு மெத்தை

ஈரக் கத்தி ஃபோமுக்குள் சத்தமில்லாமல் இறங்கியது. கைகள் துண்டை அழுத்திப் பார்த்தன. பிடிக்காமல் இன்னொரு சீவல் எடுத்தன. மொபெட் சீட்டுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை.

"ஆடாம நில்லுங்கண்ணா," என்றார் கௌஸ் பாஷா.

பேரிகை ஊர்க்காரர் சென்னகிருஷ்ணன், பாஷாவின் சீட் கவர் கடை உள்ளறையில் சுவரைப் பிடித்தபடி நின்றார். கொஞ்ச காலமாகவே நின்றுகொண்டுதான் சாப்பாடு, குப்புறப் படுத்துத்தான் தூக்கம். மனைவி காவேரி மட்டும் நாற்காலியில் தாராளமாக உட்கார்ந்திருந்தாள்.

தொழிற்சாலைக்கு நிலத்தை விற்ற கையோடு வேட்டியை விட்டுப் பேண்டுக்கு மாறியவர் அவர். சர்க்கரை உருக்கிய உடம்பு. பின்பக்கம் கதவுப் பலகை மாதிரி. மகள் சம்பங்கியின் கல்யாணத்துக்குக் கோட்டு சூட்டு தைத்தபோது தையல்காரனே சிரித்துவிட்டான். அங்கே சதை வைத்துக்கொள்ளப் பெங்களூருக்குப் போனார். ரத்தத்தைச் சோதித்த டாக்டர், இந்தச் சர்க்கரைக்குப் புண் ஆறாது, பிரஷர் வேறு இருக்கிறது, இரண்டையும் அடக்கிவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

கல்யாணம் காத்திருக்குமா? எதையும் சோதிக்காத வேறொரு இடத்தைத் தேடிப் பிடித்தார். வாய்வார்த்தையாகக் கேட்டார்கள், ஒரு நோயும் இல்லை என்றார். பையில் மாத்திரை இருந்தால் குட்டு வெளிப்படுமென்று அத்தனையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்ப் படுத்தார். இரண்டு பக்கமும் சிலிகான் பை வைத்தார்கள். இடப்பக்கம் சீழ் பிடித்தது; வேறொரு ஆஸ்பத்திரியில் அதை வெளியே எடுத்தார்கள். இப்போது வலப்பக்கம் மேடு, இடப்பக்கம் பள்ளம், பள்ளத்தில் கட்டு.

நாளை மறுநாள் முகூர்த்தம். தகப்பன் மணையில் சம்மணமிட்டு, மகளை மடியில் வைத்துத் தாரை வார்ப்பது அவர்கள் வழக்கம். மாட்டேன் என்றால் சம்பந்தி வீட்டார் ஏனென்று கேட்பார்கள். சித்தப்பா உட்காரட்டும் என்றதற்குச் சம்பங்கி அழுதாள். புண் அழுந்தாமல் கொஞ்ச நேரம் உட்காரலாம் என்று கட்டுப் போடும் டாக்டர் சொல்லியிருந்தார்.

"பேண்டு நிக்கணும்னு போனாரு பாய். இப்ப இவருதான் நிக்கறாரு," என்றாள் காவேரி.

"சும்மா இருடி."

"சும்மா இருக்க வேண்டியது நானா?"

கௌஸ் பாஷா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஃபோமின் வலப்பக்கம் மேட்டுக்கு இடம்விட்டுக் குழி வெட்டினார். இடப்பக்கம் புண்ணுக்கு நேராக ஓட்டை விட்டார். பாரம் தொடையில் இறங்க முன்பக்கத்தை உயர்த்தினார்.

"உக்காருங்கண்ணா. பொண்ணு எடைக்கு மடியில எதாவது வெக்கணும்."

"என்னைப் பாக்காதீங்க பாய். நான் உக்காந்தா மிச்சமிருக்கறதும் போயிடும்."

ரெக்சின் சுருளைத் தூக்கி அவர் மடியில் வைத்தார் கௌஸ் பாஷா. சென்னகிருஷ்ணன் கண்ணை இறுக்கி மூடினார். மெல்லத் திறந்தார்.

"வலிக்கல பாய்!"

"வலிக்கலதான். ஆனா சாஞ்சிருக்கீங்க. சம்பந்திக்குக் கண்ணு இருக்குல்ல?"

தோளுக்குத் தோள் நூல் பிடித்துப் பார்த்தார். வலப்பக்கத்தில் மறுபடி ஒரு சீவல். மறுபடி உட்காரவைத்து, மறுபடி நூல். இந்த முறை நூல் நேராக நின்றது. புண்ணின் கட்டுத்துணியிலும் கசிவில்லை என்று காவேரி குனிந்து பார்த்துச் சொன்னாள். அந்த ஒரு நிமிடம் அவள் கேலி செய்யவில்லை.

மஞ்சள் பட்டில் உறை தைத்து, ஓரத்தில் ஜரிகை ஓட்டினார்.

"மணைமேல எதுக்கு மெத்தைன்னு கேட்டாங்கன்னா?" என்றார் சென்னகிருஷ்ணன்.

"உங்க வீட்டு வழக்கம்னு சொல்லுங்க," என்று கௌஸ் பாஷா இரு கைகளாலும் நீட்டினார். காவேரி வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.