முன்சில்லுக்குள் முரசுமோட்டை

ஒரு கைப்பிடிக் களிமண்ணுக்காக மனைவியைக் காரிலிருந்து பஸ்ஸுக்கு அனுப்பியவன் நான். அந்தக் களிமண்ணும் நான் கொண்டுவந்ததுதான்.

அவள் மாங்குளத்தில் படிப்பிக்கிறாள். நாற்பத்தேழு வயதில் லைசென்ஸ் எடுத்து, பரந்தனிலிருந்து தானே ஓட்டிப் போய்வரத் தொடங்கி நாலு மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் காரை எடுத்துக்கொண்டு ஏ-ஒன்பது வீதியில் ஏறினேன். எழுபதைத் தொட்டதும் ஸ்ரியரிங் நடுங்கியது. அறுபதுக்கு இறக்கினால் அடங்கிவிட்டது. வேகச் சட்டத்துக்கு என்னைவிடப் பயந்த கார்.

காரைக் குனிந்தும் பார்க்காமல் காரணத்தைக் கண்டுபிடித்தேன்: அவள் எங்கேயோ வீதிப் பள்ளத்தில், கிடங்கில் விட்டு அடித்திருக்கிறாள். இல்லை என்றாள். நல்லாய் யோசித்துப் பார் என்றேன். தான் ஐம்பத்தைந்துக்கு மேல் போவதே இல்லை, நடுக்கம் எதையும் காணவில்லை என்றாள். அதையும் குற்ற ஒப்புதலாகவே எடுத்துக்கொண்டேன். இரண்டு நாள் லீவு போட்டு அவளுக்குப் பக்கத்துச் சீற்றில் இருந்து போனேன். காப்பெற் போட்டு வழவழப்பாக்கிய வீதியில் கிடங்கு காட்டுவது லேசான வேலையல்ல, ஆனாலும் காட்டினேன். மூன்றாம் நாள் காலை அவள் கார்த் திறப்பை ஆணியில் கொழுவிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

ஒரு வாரம் கழித்துத்தான் ரயர் கடைக்குப் போனேன். முன்பக்க அமைப்பைப் பற்றி நான் வாசித்தறிந்த அனைத்தையும் கடைக்காரருக்கு விளக்கினேன். பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்பதுபோலக் கேட்டார். பிறகு மூன்று கேள்வி. பிறேக் பிடிக்கும்போது நடுங்குமா? இல்லை. மெதுவாகப் போகும்போது? இல்லை. நடுக்கம் கையிலா, சீற்றிலா? கையில். அப்படியென்றால் முன்சில்லு என்று சொல்லி ஜக் வைத்துக் கழற்றினார். சில்லின் உட்பக்கம் கையை விட்டு, காய்ந்து இறுகிய ஒரு களிக்கட்டியைப் பெயர்த்தெடுத்தார். அதில் வைக்கோல் துண்டொன்று ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் பாரம் கூடினால் சில்லு வேகமாகச் சுற்றும்போதுதான் ஆட்டம் தெரியுமாம்.

“ஐயா, வயலுக்குள்ளையும் காரிலையோ போறனீங்கள்?”

ஓம். அந்த ஞாயிறுக்கு முந்தின வாரம், மழை பெய்த மறுநாள், முரசுமோட்டையில் எங்கள் வயல் அறுவடையைப் பார்க்க நூறு யார் நடக்கச் சோம்பி, பஞ்சிப்பட்டுக் காரை இறக்கி, சேற்றில் புதைந்து, அறுவடைக்கு வந்தவர்கள் தள்ளித்தான் வெளியே வந்தேன். அவளுக்குத் தெரியக்கூடாதென்று வெளிப்பக்கத்தை மட்டும் பளபளக்கக் கழுவியும் வைத்தேன். தார் வீதியைவிட்டு அவள் ஒருநாளும் காரை இறக்கியதில்லை.

அந்தக் கட்டியைப் பேப்பரில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், மேசையில் அவளுக்கு முன்னால் வைத்தேன். சேறு, தள்ளியது, கழுவியது எல்லாவற்றையும் சொன்னேன். உன்மேல் பிழையில்லை என்றேன். எண்பதிலும் இப்போது அசையாது, நாளையிலிருந்து நீயே கொண்டுபோ என்று திறப்பையும் நீட்டினேன்.

கட்டியிலிருந்த வைக்கோலை உருவியெடுத்துப் பார்த்தாள். திறப்பை வாங்கவில்லை.

“இல்லையப்பா, பஸ் நல்லாயிருக்கு. அங்கை டிறைவருக்குப் பக்கத்திலை இருந்து ஒருத்தரும் கிடங்கு காட்டிறேல்லை.”